121ஆம் கிளாக்கில் மூன்று பாஸ்: அசெர்ஷன் மாறிகளுக்கு மதிப்பு ஏற்றும் விதிகள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு சிப் டிசைனைக் கணினியில் ஓட்டிப் பார்த்ததன் லாக் ஃபைலில் அடுத்தடுத்து மூன்று வரிகள். மூன்றிலும் ஒரே அசெர்ஷனின் (டிசைன் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று எழுதி வைக்கும் சோதனை வரி) பெயர், மூன்றிலும் "பாஸ்", மூன்றிலும் கிளாக் (சிப்பின் ஒரு துடிப்பு) எண் 121. அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் எங்கள் டீம் தங்கை வேறு ஏதோ சிக்னலைத் தேடி, சிக்னல்கள் ஏறி இறங்குவதைக் காட்டும் வேவ்ஃபார்ம் படத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள். "அக்கா, தொடக்கம் மூணு இருக்கு. முடிவு ரெண்டுதான் வந்திருக்கு. ஆனா பாஸ் மூணு போட்டிருக்கு. எப்படிக்கா?"

அந்த "எப்படிக்கா"வுக்குப் பதில் கிடைக்க ஒன்றரை நாள் ஆனது. கிடைத்தபோது இரண்டு பிழைகள் சேர்ந்தே கிடைத்தன. டிசைனில் ஒன்று. அதை மூன்று வாரமாக மூடி வைத்திருந்த எங்கள் அசெர்ஷனில் ஒன்று. டிசைன் பிழை சின்னது, பத்து நிமிடத்தில் சரியானது. இங்கே நான் விரிவாக எழுதப்போவது இரண்டாவதைப் பற்றி. அது கைதவறி வந்த பிழை இல்லை. இந்தச் சோதனைகளை எழுதும் சிஸ்டம்வெரிலாக் மொழியின் விதி ஒன்று குறுக்கே நின்றபோது, அது ஏன் நிற்கிறது என்று கேட்காமல் பக்கத்துச் சந்து வழியாகப் போனதால் வந்தது.

நாங்கள் ஐந்து பேர். மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டின் மாடியில் உட்கார்ந்து வெரிஃபிகேஷன் வேலை செய்கிறோம். டிசைன் வேறு ஊரில் எழுதப்படுகிறது. அது சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பது எங்கள் பொறுப்பு. அசெர்ஷனை எழுதியவன் மேலூர்ப் பக்கத்துத் தம்பி, வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆனவன். அதைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவள் நான். ஆகவே இதில் பாதிப் பொறுப்பு என்னுடையது.

பிளாக் என்ன செய்கிறது

நாங்கள் சோதித்த பிளாக், அதாவது சிப்பின் ஒரு பகுதி, ஒரு ரைட் பிரிட்ஜ்: தரவை அதன் முகவரியில் எழுதக் கொண்டு சேர்ப்பது. அப்படி ஒரு தடவை எழுதுவதைத்தான் இங்கே "எழுத்து" என்கிறேன். முதலில் தொடக்க சிக்னல் ஒரு கிளாக் மேலே போகும். அதற்கப்புறம் முகவரி ஒரு பக்கமிருந்தும் தரவு இன்னொரு பக்கமிருந்தும் வரும். எது முதலில் வரும் என்று கணக்கில்லை. முகவரியோடு ஒரு டேக் எண் வரும், தரவோடு அதன் நீளம் வரும். இரண்டும் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த தொடக்கம் வரலாம். ஆனால் முந்தைய எழுத்து முடிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முடிவுக்காக ஒரே நேரத்தில் நான்கு வரை காத்திருக்கலாம். முடிவு சிக்னல் அந்தந்த டேக்கையும் நீளத்தையும் திருப்பிச் சொல்ல வேண்டும். காலக்கெடு: முகவரி, தரவு இரண்டில் பிந்தி வந்ததிலிருந்து 16 கிளாக்கோடு நீளத்தைக் கூட்டியது. நீளம் அதிகபட்சம் 64. ஆக எதுவானாலும் 80 கிளாக்கைத் தாண்டக் கூடாது.

தம்பி முதலில் எழுதியது இதுதான். சிக்னல் பெயர்களையும் சாவிச்சொற்களையும் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் மாற்றியிருக்கிறேன்.

தொடக்கம் ##1 ((முகவரி[->1], டேக் = முகவரி_டேக்) ஆண்ட் (தரவு[->1], நீளம் = தரவு_நீளம்)) |-> ##[1:80] (முடிவு && முடிவு_டேக் == டேக் && முடிவு_நீளம் == நீளம்)

நன்றாக எழுதப்பட்ட வரி என்று இப்போதும் சொல்வேன். அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது பொருந்தினால் வலப்பக்கம் இருப்பது நடந்தே ஆக வேண்டும். ##1 என்றால் ஒரு கிளாக் கழித்து, ##[1:80] என்றால் 1 முதல் 80 கிளாக்குக்குள். ஆண்ட் என்றால் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். முகவரி[->1] என்றால் முகவரி சிக்னல் முதல் தடவை உயரும் கிளாக் வரை காத்திரு என்று அர்த்தம். கமாவுக்குப் பின்னால் இருக்கும் மதிப்பேற்றம், அந்த அடைப்புக்குள் இருக்கும் சீக்வென்ஸ் (எதற்கப்புறம் எது என்ற நிகழ்வு வரிசை) பொருந்தி முடிகிற கிளாக்கில் நடக்கும். அசெர்ஷன் சோதிக்கும் இந்த முழு வரிக்கும் ப்ராப்பர்ட்டி என்று பெயர். டேக், நீளம் இரண்டும் ப்ராப்பர்ட்டிக்குள்ளேயே அறிவிக்கப்பட்ட லோக்கல் மாறிகள். ஒவ்வொரு கிளாக்கிலும் சிமுலேட்டர் இந்த ப்ராப்பர்ட்டியை ஒரு புது முயற்சியாகத் தொடங்குகிறது. தொடக்கம் இல்லாத கிளாக்கில் அந்த முயற்சி அப்போதே உதிர்ந்துவிடும். தொடக்கம் இருந்தால் முயற்சி உயிரோடு நகரும், தனக்கென்று ஒரு டேக், ஒரு நீளம் என்று சொந்தப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு. நான்கு எழுத்துகள் காத்திருந்தால் நான்கு பிரதிகள்.

டாக்டர் வீட்டில் காத்திருக்கிறவர்கள் ஆளுக்கொரு டோக்கனைக் கையில் வைத்திருப்பது மாதிரி என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதுண்டு. இந்த டோக்கனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பைலர் இரண்டு முறை மறுத்தது

இந்த வரியில் காலக்கெடு முழுமையாக வரவில்லை. 80 என்பது மேல் எல்லை மட்டும்தான். நீளம் 8 என்றால் 24 கிளாக்குக்குள் முடிய வேண்டும். ##[1:16+நீளம்] என்று எழுத முடியாது. தாமத எல்லைகள் ஓட்டத்துக்கு முன்பே தெரிந்த மாறிலிகளாக இருக்க வேண்டும் என்பது மொழியின் விதி. சரி, நேரத்தைக் குறித்து வைத்துக் கழித்துப் பார்க்கலாம் என்று தம்பி யோசித்தான். அது சரியான யோசனை. கிளாக் எண்ணைச் சொல்லும் கவுண்டர் டெஸ்ட்பெஞ்சில் (டிசைனைச் சுற்றி நாங்கள் எழுதும் சோதனை நிரல்) ஏற்கெனவே இருந்தது. நேரம் என்று மூன்றாவதாக ஒரு லோக்கல் மாறியை அறிவித்தான். இரண்டு பக்கத்தில் எது பிந்தி வரும் என்று தெரியாததால் இரண்டு பக்கத்திலும் ஏற்றினான்: முகவரி அடைப்புக்குள் "நேரம் = கிளாக்_எண்", தரவு அடைப்புக்குள்ளும் அதே. பிந்தி வந்தது முந்தியதை அழித்துவிட்டு உட்காரும் என்பது அவன் கணக்கு. சாதாரண நிரலில் அப்படித்தான் நடக்கும்.

கம்பைலர் ஒத்துக்கொள்ளவில்லை. வலப்பக்கத்தில் நேரம் படிக்கப்படுகிறது, ஆனால் அந்த இடத்துக்கு அது மதிப்போடு வந்து சேரவில்லை என்றது.

இரண்டாவது மறுப்பு அன்றைக்கே வந்தது. அசெர்ஷன் தோற்றால் எந்த டேக் தோற்றது என்று பிழைச் செய்தியில் அச்சிட விரும்பினான். தோல்வி வந்தால் ஓடும் ஆக்‌ஷன் பிளாக்கிலிருந்து ப்ராப்பர்ட்டியின் லோக்கல் மாறியைத் தொட முடியாது. அதுவும் விதிதான்.

இரண்டு மறுப்புக்கும் சேர்த்து ஒரே மருந்தாக மாறிகளை வெளியே எடுத்தான். டேக், நீளம், நேரம் மூன்றும் மாட்யூல் அளவிலான, எல்லா முயற்சிகளுக்கும் பொதுவான சாதாரண மாறிகள் ஆயின. அங்கேயும் ஒரு தடுப்பு இருந்தது: கமாவுக்குப் பின்னால் நேரடியாக மதிப்பேற்ற லோக்கல் மாறிக்கு மட்டும்தான் அனுமதி. ஆனால் அதே இடத்தில் ஒரு ஃபங்ஷனை அழைக்கலாம். எனவே "டேக்கைக் குறி", "நீளத்தைக் குறி", "நேரத்தைக் குறி" என்று மூன்று சின்ன ஃபங்ஷன்கள் எழுதினான். கம்பைல் ஆனது. பிழைச் செய்தியில் டேக் அச்சானது. ஒற்றை எழுத்துகளை வைத்து எழுதிய டெஸ்டுகள் எல்லாம் சரியாகப் பாஸ் ஆயின. வேண்டுமென்றே தாமதம் செய்த ஒரு டெஸ்ட் சரியாகத் தோற்றது. நான் அந்தத் தோல்வியைப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புதல் கொடுத்தேன்.

விதி ஏன் அப்படி இருக்கிறது

இந்த விதிகள் சிஸ்டம்வெரிலாக்கை வரையறுக்கும் ஐஇஇஇ 1800 தரநூலின் 16ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. அங்கே லோக்கல் மாறியைப் பற்றிப் பேசும்போது அது ஒரு சீக்வென்ஸுக்குள் "பாய்கிறது", அதிலிருந்து "வெளியே பாய்கிறது" என்ற பொருள்படும் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். பெரியாறு பாசனத்துக்காரனான மேலூர்த் தம்பிக்கு அந்தச் சொல்லை வைத்தே சொன்னேன்.

ஆர், அதாவது "இது அல்லது அது", என்பது இரண்டு வாய்க்காலில் ஏதாவது ஒன்றில் தண்ணீர் வரும் ஏற்பாடு. எதில் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. கீழே இருக்கிற வயலுக்குத் தண்ணீர் நிச்சயம் உண்டு என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு வாய்க்காலிலும் தண்ணீர் இருக்க வேண்டும். அதனால்தான் ஆர் போட்ட இடத்தில், இரண்டு பக்கத்திலிருந்தும் வெளியே பாயும் மாறி மட்டுமே கூட்டு சீக்வென்ஸிலிருந்து வெளியே பாயும். மதிப்புகள் வேறுவேறாக இருக்கலாம், அதில் தவறில்லை. இரண்டு பக்கமும் பொருந்தினால் அந்த முயற்சி இரண்டு இழைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் மதிப்போடு மேலே போகும்.

ஆண்ட் அப்படியில்லை. இரண்டு பக்கமும் பொருந்தியே ஆக வேண்டும், பொருந்திய பின் இரண்டும் சேர்ந்து ஒரே இழையாகிவிடும். ஒரு பக்கத்தில் மட்டும் ஏற்றிய மாறி தாராளமாக வெளியே பாயும். தம்பியின் முதல் வரியில் டேக்கும் நீளமும் அப்படித்தான் வந்தன. ஒரே மாறியை இரண்டு பக்கமும் ஏற்றினால்? ஒரு பெயர், இரண்டு மதிப்பு, போவதற்கு ஒரே இழை. கீழே இருப்பவன் எதை எடுப்பான்? "பிந்தி வந்ததை" என்று நாம் மனதில் நினைக்கிறோம். மொழி அப்படி நினைப்பதில்லை. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்காமல் தனித்தனியாக ஓடுகின்றன. ஒரே கிளாக்கில் இரண்டும் முடியலாம். யார் முந்தி யார் பிந்தி என்ற வரிசையே அங்கே இல்லை. எனவே அந்த மாறி வெளியே பாயாமல் அடைக்கப்படுகிறது. இரண்டு பக்கமும் ஒரே கிளாக்கில் முடிய வேண்டும் என்று கேட்கும் இன்டர்செக்டுக்கும் இதே விதி.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் கேட்டான்: "அப்ப அது என்கிட்ட கேள்வி கேட்டிருக்கு அக்கா, எந்த நேரம்னு. நான் பதில் சொல்லாம கேட்ட ஆளை வெளியே அனுப்பிட்டேன்." அவன் சொன்னது முழுக்க உண்மை. எந்த இழையின் எந்த மதிப்பு என்ற கேள்வி மாட்யூல் மாறியில் எழவே எழாது. அங்கே இருப்பது ஒரே ஒரு பெட்டி. யார் கடைசியாகப் போட்டாரோ அவருடையதுதான் உள்ளே இருக்கும்.

அந்த மூன்று பாஸும் எப்படி வந்தன

தங்கை நிறுத்தி வைத்திருந்த வேவ்ஃபார்மில் இருந்தது இது. எல்லா எழுத்துக்கும் நீளம் 8, எனவே கெடு 24.

டேக் 1: முகவரி, தரவு இரண்டும் 92இல் சேர்ந்துவிட்டன. முடிவு 104இல் வந்தது, ஒழுங்காக.

டேக் 3: தொடக்கம் 100இல், முகவரி 102இல், தரவு 104இல். முடிவு வரவே இல்லை.

டேக் 5: தொடக்கம் 106இல், தரவு 107இல், முகவரி 109இல். முடிவு 121இல்.

மூன்று முயற்சிகளும் இப்போது ஒரே பெட்டியைப் பார்க்கின்றன. 102இல் டேக் 3இன் முகவரி வந்தவுடன் பெட்டியில் இருந்த 1 போய் 3 உட்கார்ந்துவிட்டது. 104இல் டேக் 1இன் முடிவு சரியாக வந்தபோது முதல் முயற்சி அதை 3உடன் ஒப்பிட்டுப் பார்த்து, "இது என்னுடையது இல்லை" என்று விட்டுவிட்டது. தன் டோக்கனைக் கூப்பிட்டபோது எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவர் மாதிரி. 109இல் பெட்டியில் 5 வந்தது. இப்போது மூன்று முயற்சிகளும் 5க்காகக் காத்திருக்கின்றன. 121இல் 5 வந்ததும் மூன்றும் சேர்ந்து எழுந்துகொண்டன. நீளம் எல்லாம் 8 என்பதால் அது பொருந்தியது. நேரமும் பெட்டியில் 109 என்றே இருந்ததால் கழித்தால் 12, கெடுவுக்குள். மூன்று பாஸ்.

இதில் என்னைத் தூங்கவிடாதது டேக் 3 மட்டும் இல்லை. டேக் 1இன் பாஸும் பொய்தான். அது உண்மையில் சரியாக முடிந்தது, ஆனால் அசெர்ஷன் அந்த முடிவைப் பார்க்கவே இல்லை. வேறொருவரின் முடிவைப் பார்த்துவிட்டு ஒப்புதல் தந்தது. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வரும் எந்த ஓட்டத்திலும் இந்த அசெர்ஷன் கடைசியாக வந்ததை மட்டுமே சோதித்துக்கொண்டிருந்தது. முந்தையவை எல்லாம் அதன் தோளில் ஏறிக் கரை சேர்ந்தன. இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்பும் டெஸ்டில் பெட்டியில் எப்போதும் சரியான மதிப்பே இருக்கும் என்பதால் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. நான் ஒப்புதல் கொடுக்கும் முன் பார்த்த அந்த ஒரே தோல்வியும் ஒற்றை எழுத்துதான். இரண்டு எழுத்தை ஒன்றன்மேல் ஒன்று விட்டு, முதலாவதை மட்டும் தோற்க வைத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

திருத்தம்

மூன்று மாறிகளும் ப்ராப்பர்ட்டிக்குள் திரும்பின. நேரத்தை எங்கே ஏற்றுவது என்பதற்கு விடை விதிக்குள்ளேயே இருந்தது. ஆண்ட் கூட்டு எப்போது முடிகிறது? இரண்டில் பிந்தியது முடியும்போது. தம்பி தேடியதும் அந்தக் கிளாக்கைத்தான். ஆகவே உள்ளே இரண்டு இடத்தில் ஏற்றாமல், முழுக் கூட்டையும் ஓர் அடைப்புக்குள் வைத்து, அதற்கு வெளியே ஒரு கமா போட்டு ஒரே தடவை ஏற்றினால் போதும்:

(((முகவரி[->1], டேக் = முகவரி_டேக்) ஆண்ட் (தரவு[->1], நீளம் = தரவு_நீளம்)), நேரம் = கிளாக்_எண்)

வலப்பக்கத்தில் முடிவு, டேக், நீளம் ஒப்பீடுகளோடு கிளாக்_எண் - நேரம் <= 16 + நீளம் என்று ஒன்று சேர்ந்தது. ##[1:80] மாறிலியாகவே இருக்கிறது. அது இருப்பதால்தான் முடிவே வராத எழுத்து 80 கிளாக்கில் தோற்கும். முடிவு[->1] என்று எல்லையில்லாமல் விட்டிருந்தால் காத்துக்கொண்டே இருந்து, சிமுலேஷன் முடியும்வரை ஒன்றும் சொல்லியிருக்காது. (லோக்கல் மாறி ஒன்றில் கெடுவை ஏற்றி, கிளாக்குக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, கெடு தீர்ந்த கிளாக்கிலேயே தோற்கடிக்கவும் வழி உண்டு. எங்களுக்கு 80 போதுமானதாக இருந்தது.)

பிழைச் செய்திக்கும் சந்து வழி தேவைப்படவில்லை. கமாவுக்குப் பின்னால் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை அடுக்கலாம், அவை எழுதிய வரிசையில் நடக்கும். எனவே நேரம் ஏற்றிய கையோடு இன்னொரு கமா போட்டு, டேக்கையும் நேரத்தையும் அச்சிடும் ஓர் அழைப்பைச் சேர்த்தோம். அந்த இடத்தில் லோக்கல் மாறியைத் தாராளமாகப் படிக்கலாம். தோல்வி வந்தால் முயற்சி தொடங்கிய கிளாக்கை வைத்து அதன் வரியை லாக்கில் தேடிக்கொள்ளலாம். ஒரு படி கூடுதல் வேலைதான், ஆனால் மதிப்பு இழையோடு இருக்கிறது.

திருத்தும்போது இன்னொன்று வெளியே வந்தது. முகவரியும் தரவும் சேர்வதற்கு முன் ரத்து சிக்னல் வரலாம் என்று ஸ்பெக்கில் (பிளாக் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் ஆவணம்) ஒரு வரி இருக்கிறது. ரத்தான எழுத்தின் முயற்சி எங்கள் வரியில் அடுத்த எழுத்தின் முகவரிக்காகக் காத்திருந்து, அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும். தம்பி முதலில் "ஆர் ரத்து[->1]" என்று ஒட்டினான். கம்பைலர் மறுத்தது: ரத்துப் பக்கத்தில் டேக், நீளம், நேரம் எதுவும் இல்லை, எனவே ஆர் தாண்டி எதுவும் வெளியே பாயவில்லை. தரநூலின் 2009 பதிப்பிலிருந்து லோக்கல் மாறியை அறிவிக்கும்போதே ஆரம்ப மதிப்புக் கொடுக்க முடியும். மூன்றுக்கும் 0 கொடுத்திருந்தால் மறுப்பு அடங்கியிருக்கும். இரண்டு வாய்க்காலிலும் ஏதோ ஒரு தண்ணீர் இருக்கிறதே. அப்புறம் ரத்தான ஒவ்வொரு எழுத்துக்கும் டேக் 0 என்று ஒரு முடிவைத் தேடிக்கொண்டிருந்திருப்போம். இந்தத் தடவை தம்பி ஆரம்ப மதிப்பின் பக்கம் போகவில்லை. "ரத்து ஆனா முடிவே கிடையாதே, அப்புறம் டேக் எதுக்குக் கேக்குது?" என்று அவனே நிறுத்தினான். உண்மைதான், ரத்தான பாதை வலப்பக்கத்துக்கே போகக் கூடாது. முழுக் கூட்டுக்கும் முன்னால் "!ரத்து த்ரூஅவுட்" போட்டோம், அதாவது கூட்டு முடியும்வரை ரத்து வரக் கூடாது என்று. த்ரூஅவுட் என்பது உள்ளுக்குள் ஓர் இன்டர்செக்ட்தான். மாறிகள் ஒரு பக்கத்தில் மட்டுமே ஏற்றப்படுவதால் தடையில்லாமல் வெளியே பாய்கின்றன. ரத்து வந்தால் இடப்பக்கம் பொருந்தாமல் முயற்சி உதிர்ந்துவிடும்.

லோக்கல் மாறியால் தீராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காத்திருக்கும் இரண்டு எழுத்துக்கு ஒரே டேக்கும் ஒரே நீளமும் இருந்தால், ஒரே முடிவு இரண்டு முயற்சியையும் பாஸ் செய்துவிடும். பிரதிகள் தனித்தனியாக இருந்தாலும் மதிப்பு ஒன்றுதானே. எங்கள் பிளாக்கில் ஒரு டேக் முடியும் முன் அதைத் திரும்பக் கொடுக்கக் கூடாது என்று இருப்பதால் தப்பித்தோம். அந்தக் கட்டுப்பாடு மீறப்படுகிறதா என்று பார்க்கத் தனியாக ஓர் அசெர்ஷனும் வைத்தோம். டேக்கே இல்லாத பிளாக்கில், முடிவுகள் வரிசைப்படி வருமானால், உள்ளே வருவதற்கு ஒரு கவுண்டர், முடிவதற்கு ஒரு கவுண்டர் என்று வெளியே வைத்து, வரும்போது இருக்கும் எண்ணை லோக்கல் மாறியில் பிடித்துக்கொள்வது வழக்கம். நிஜமான டோக்கன் முறை அது.

டிசைன் பிழை

திருத்திய அசெர்ஷனோடு அதே டெஸ்டை ஓட்டியபோது டேக் 1இன் முயற்சி 104இலும் டேக் 5இனுடையது 121இலும் பாஸ் ஆயின. டேக் 3இன் முயற்சி 184இல் தோற்றது, 104இலிருந்து சரியாக 80 கிளாக். 104இல் என்ன நடந்தது என்று பார்த்தால் போதும். அந்தக் கிளாக்கில்தான் டேக் 1 முடிவுக்காகக் காத்திருக்கும் வரிசையிலிருந்து வெளியேறுகிறது, டேக் 3 வரிசைக்குள் நுழைகிறது. டிசைனில் "வெளியேறினால் இதைச் செய், இல்லையென்றால் நுழைந்தால் அதைச் செய்" என்று எழுதியிருந்தார்கள். இரண்டும் ஒரே கிளாக்கில் வந்தால் நுழைவது கணக்கிலேயே வராது.

டிசைன் எழுதியவருக்கு வேவ்ஃபார்ம் படத்தோடு அனுப்பினோம். இரண்டும் ஒன்றாக வரும் நிலையைத் தனியாகச் சேர்த்து அன்று மாலையே திருப்பி அனுப்பினார். தங்கைதான் ரன் போட்டாள். லாக்கில் மூன்று வரிகள் வந்தன: 104, 117, 125.